இன்ஜின் உட்காரும் வரை

காருக்கு அடியிலிருந்து பார்க்கையில் துக்கத்துக்கு வந்தவர்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. காருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நகர்ந்துபோகும் அளவுக்குத்தான் இடம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வயிற்றை எக்கி, சுவரோடு முதுகை ஒட்டி நகர்ந்து வந்தார்கள். கனத்த உடம்புக்காரர்கள் டிக்கி வரை வந்து, யோசித்து, திரும்பிப் போய்த் தெருவில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். நகர்ந்து வந்து சேர்ந்துவிட்டவர்களுக்கும் கடைசியாக ஒரு தடை இருந்தது. வீட்டு வாசலை அடைத்தாற்போல் நீட்டிக் கிடந்த சித்தார்த்தின் கால்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனின் காலைத் தாண்டுவதா என்று ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்றார்கள். பிறகு தாண்டினார்கள்.

"இவன் இன்னா பண்றான் அடியில?"

"கார் ரிப்பேராம்."

"இன்னிக்கா?"

"உஷ். காதுல விழப்போவுது."

சித்தார்த் மல்லாந்து கிடந்தபடி பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக் கையைத் துழாவினான். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் சட்டைகூட மாற்றவில்லை. அப்படியே அட்டையை விரித்து அடியில் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை விட்ட இடத்திலேயே எல்லாம் இருந்தன. காரின் முன்பக்கம் இரண்டு ஸ்டாண்டுகளின்மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. இன்ஜினின் அடிவயிற்றில் ஒரு மரக்கட்டை, அதற்குக் கீழே ஜாக்கி. இன்ஜினைக் காரின் உடம்போடு பிடித்துவைக்கும் மூன்று மவுண்டிங்குகளும் கழற்றப்பட்டு, கிழிந்து தொங்கும் ரப்பரோடு சுவரோரம் கிடந்தன. புதியவை இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அந்த ஜாக்கி ஒன்றுதான் இன்ஜினைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஜாக்கியை எடுத்தால் இன்ஜின் தரையில் விழும். எடுக்காவிட்டால் கார் நகராது. கார் நகராவிட்டால் கிரேஸ் வீட்டுக்குள் வர முடியாது.

விவேக் நகரில் அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் அப்படித்தான். தெருவிலிருந்து ஒரு நீண்ட சந்து உள்ளே போகும். அதுதான் கார் நிறுத்துமிடம், அதுதான் வழி. சந்தின் கோடியில் வாடகைக்காரர்களின் கதவு. மாடியில் வீட்டு ஓனர். மனிதர்கள் எப்படியாவது நுழைந்துவிடலாம். சவப்பெட்டி நுழையாது.

வீட்டு ஓனர் நாராயணசாமி மாடிப்படியில் நின்றபடி காலையிலேயே யோசனைகள் சொல்ல ஆரம்பித்திருந்தார். தெருவில் பந்தல் போட்டு அங்கேயே வைத்துவிடலாம் என்றார். "எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க. நம்ம பெங்களூர்ல எந்த வீட்ல ஜாகா இருக்கு சொல்லுங்க?"

கிரேஸின் அம்மா ஜோசபின் அப்போதுதான் கோலார் தங்கவயலிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"இல்லன்னா காருக்கு மேலயே தூக்கிடலாம்மா. நாலு பேரு அந்தப் பக்கம், நாலு பேரு இந்தப் பக்கம். கைமாத்திக் கைமாத்திக் கொண்டுவந்துடலாம். பீரோ எல்லாம் அப்படித்தானே ஏத்தறோம்."

"பீரோவா அவ?" என்றாள் ஜோசபின்.

நாராயணசாமி இரண்டு படி மேலே ஏறிக்கொண்டார். பிறகு, செய்த பிழையைச் சரிக்கட்டுவதுபோல், நீலசந்திராவில் தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டார். மெக்கானிக் கன்னடத்தில் நிறையக் கேள்வி கேட்டான். "மூணையும் கழட்டிட்டாங்களா? ஒரே நேரத்துலயா? யார் சார் அந்தப் புத்திசாலி?" என்று அவன் கேட்டதை ஓனர் தமிழில் திருப்பிச் சொல்லாமல் போனை வைத்தார். சாயந்திரத்துக்கு முன் வர முடியாதாம்.

அன்று வியாழக்கிழமை. குழந்தை இயேசு கோயிலில் நொவேனா ஜெப நாள். ஊரே அங்கே இருக்கும். இரண்டு பூசைகளுக்கு இடையில் அடக்க ஜெபத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கித் தருவதாக ஃபாதர் சொல்லியிருந்தார். அதைத் தவறவிடக்கூடாது.

"நேரா சர்ச்சுக்கே கொண்டுபோயிடலாம்மா" என்றான் கிறிஸ்டோபர். கிரேஸின் அண்ணன். தங்கச்சி ஒரு பௌத்த வீட்டுப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டபோது வராதவன். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவன்தான், ஆனால் இந்த வீட்டுக்குள் காலடி வைத்தது இன்றைக்குத்தான்.

"அவ குடியிருந்த வீடு. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வந்துடறேன்னு சொல்லிட்டுத்தானே போனா. ஒரு தடவ உள்ள வந்துட்டுப் போகட்டும். அப்புறம் எங்க வேணா கொண்டுபோங்க." ஜோசபின் சித்தார்த்தின் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாபா சொல்ற?"

காலையிலிருந்து சித்தார்த் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். சர்ச்சா, சரி. ஓசூர் ரோடு கல்லறையா, சரி. வெள்ளைப் பெட்டியா, சரி. அவனுடைய அப்பா ராமலிங்கம்கூட ஒருமுறை அவன் தோளைத் தொட்டு, "எல்லாம் யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டார். அதற்கும் சரி என்றான். ஜோசபினுக்கு மட்டும் வேறு பதில் சொன்னான்.

"வருவா அத்தை."

அதற்கப்புறம்தான் அட்டையை எடுத்து விரித்தான்.

கார் கிரேஸுடையது. பொம்மசந்திராவில் ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். சித்தார்த் கோரமங்கலாவில் இருக்கும் ஆபீசுக்குப் பஸ்ஸில் போய்வந்துவிடுவான். அவள்தான் தினமும் ஓசூர் ரோட்டு நெரிசலில் காரை ஓட்டிப் போனாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கார் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்க ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பானெட்டைத் திறந்து, சித்தார்த்தை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, இன்ஜின் துள்ளுவதைப் பார்த்துவிட்டு, "மவுண்டிங் ரப்பர் போயிடுச்சு" என்று அவளே கண்டுபிடித்தாள்.

"நாள் பூரா ரப்பர அமுக்கி அமுக்கிப் பாக்கறவ நான். என் கார் ரப்பர மாத்த இன்னொருத்தன்கிட்ட போவனா? நாமளே பண்ணலாம் சித்து."

பார்த்த வீடியோக்களில் எல்லாம் ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்தில் புதியதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இருவருக்கும் அது தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மேலே பானெட்டுக்குள் குனிந்து வலப்பக்கத்தைக் கழற்ற ஆரம்பிக்க, சும்மா இருப்பானேன் என்று அவன் அடியில் படுத்துப் பின்பக்கத்தில் கைவைத்தான். அது போட்டியாகிவிட்டது.

"நான் கழட்டிட்டேன்! நீ இன்னும் ஒரே நட்டோட குடும்பம் நடத்தறியா?"

"துரு பிடிச்சிருக்கு."

"உனக்கா, நட்டுக்கா?"

தோற்றுப்போன ரோஷத்தில் அதைக் கழற்றி முடித்த கையோடு அவன் எழுந்துவந்து கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கையும் கழற்றினான். அது வெளியே வந்ததும் இன்ஜின் ஒரு பெருமூச்சுப்போல் முனகி, ஜாக்கியின்மேல் ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கிரேஸ் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முகம் சிவந்திருந்தது. சிரித்ததால் என்று அவன் நினைத்தான்.

"தலை வலிக்குது சித்து. நாளைக்குப் பண்ணலாம்" என்றாள்.

காய்ச்சல் அன்றைக்கே ஏறிவிட்டது. டெங்கு என்றார்கள். அதற்கப்புறம் காரை யாரும் நினைக்கவில்லை.

இப்போது வலப்பக்கத்து மவுண்டிங் காரின் உடம்போடு சேர்ந்துவிட்டது. இன்ஜினிலிருந்து வரும் கொம்பு அதன்மேல் வந்து உட்காரவேண்டும். உட்காரவில்லை. இன்ஜின் சரிந்திருந்ததால் துளைகள் ஒன்றை ஒன்று பார்க்காமல் விரலகலம் விலகி நின்றன. சித்தார்த் அடியிலிருந்து வெளியே வந்து ஜாக்கியை ஏற்றினான். உள்ளே புகுந்து பார்த்தான். அதிகமாகிவிட்டது. வெளியே வந்து இறக்கினான். உள்ளே புகுந்தான். குறைவாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் யாரோ அவன் கால்களைத் தாண்டினார்கள்.

பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ ஒன்று ஜாக்கியின் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னா பண்ணணும்?" என்றான் கிறிஸ்டோபர்.

சித்தார்த் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நான் சொல்றப்ப ஏத்தணும். சொல்றப்ப இறக்கணும்."

ஷூ நகர்ந்தது. கிறிஸ்டோபர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஜாக்கியின் கம்பியைப் பிடித்துக் குந்தினான்.

"கொஞ்சம் ஏத்துங்க."

ஜாக்கி முனகியது.

"இன்னும். இன்னும். போதும். இறக்குங்க, ஒரு பொட்டு."

"பொட்டுன்னா எவ்ளோ?"

"சும்மா கைய வெச்சா போதும்."

துளைக்குள் துளை பிறைபோல் தெரிந்தது. பிறகு முக்கால். சித்தார்த் கம்பியை நுழைத்து இன்ஜினை மெல்ல நெம்பினான். வீட்டுக்குள் பெண்கள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அவன் முகத்தில் துருத்தூள் கொட்டியது.

"அவ எங்க நிப்பா?" என்று மேலே இருந்து கேட்டது குரல்.

"ஆ?"

"நீ அடியில இருந்தப்போ."

"அங்கதான். நீங்க இருக்கற எடத்துல."

ஷூக்கள் இரண்டும் ஒரு அடி தள்ளிப்போய், கொஞ்ச நேரம் கழித்து, வேலைக்கு அது தோதுப்படாததால், பழைய இடத்துக்கே திரும்பி வந்தன.

போல்ட்டு உள்ளே இறங்கியது. சித்தார்த் அதைக் கையாலேயே சுற்றினான்.

கியர்பாக்ஸ் பக்கம் எளிதாக முடிந்தது. பின்பக்கத்து மவுண்டிங் படுத்திவைத்தது. அங்கே கையும் போகாது, கண்ணும் போகாது. விரல் நுனியால் மரையைத் தேடி, கிடைத்து, தவறி, மறுபடியும் தேடினான். போல்ட்டு ஒருமுறை கைநழுவி அவன் நெற்றியில் விழுந்தது. ரத்தம் வந்திருக்கலாம். அவன் தொட்டுப் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரி வேன் அடுகோடி தாண்டிடுச்சாம்" என்று தெருவிலிருந்து யாரோ கூவினார்கள்.

கிறிஸ்டோபர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தான். முதல்முறையாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்டோபருக்கும் கிரேஸுக்கும் ஒரே புருவம்.

"மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு."

"மூணும்?"

"மூணும்."

"அப்போ இறக்கிட்டுத் தள்ளிடலாம். பசங்கள கூப்பிடறேன்."

"இன்னும் இறுக்கல."

"இறுக்கேன். யாரு வேணாம்னா?"

"இப்ப இறுக்கக்கூடாது." சித்தார்த் அடியிலிருந்து வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தான். "இன்ஜின ஓடவிடணும். அது தானா ஆடி, தன் எடையில உக்காந்தப்புறம்தான் இறுக்கணும். முன்னாடியே இறுக்கிட்டா புது ரப்பர் முறுக்கிக்கும். பழையபடி நடுங்கும்."

"யார் சொன்னது?"

"கிரேஸ்."

கிறிஸ்டோபர் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ஜாக்கியை எடுக்கக் குனிந்தான்.

இன்ஜினுக்கு அடியில் இருந்த ஜாக்கியை வெளியே இழுத்தார்கள். இன்ஜின் விழவில்லை. அதே ஜாக்கியால் காரைத் தூக்கி, ஸ்டாண்டுகளை எடுத்து இறக்கியதும் முன் சக்கரங்கள் தரையைத் தொட்டன. சித்தார்த் கதவைப் பாதி திறந்து உள்ளே நுழைந்து சாவியைத் திருப்பினான்.

சந்து முழுக்கச் சத்தம் நிரம்பியது. ஜெபமாலை நின்றுவிட்டது. வாசலில் பெண்களின் தலைகள் தெரிந்தன. தெருப்பக்கம் புகை போயிற்று. நாற்காலிகளை இழுத்துத் தள்ளிப்போடும் சத்தம் கேட்டது. மாடியிலிருந்து நாராயணசாமி, "ஏனப்பா இது, சாவு வீட்ல!" என்றார். அவர் மனைவி அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். யாரும் எதுவும் பேசமுடியாத அந்தச் சத்தத்துக்குள் எல்லோரும் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பானெட்டு திறந்து கிடந்தது. இன்ஜின் லேசாக இடமும் வலமும் அசைந்து, இடம் தேடி, மெல்ல மெல்ல அடங்கியது.

கிறிஸ்டோபர் கையை ஆட்டிப் போதும் என்று சைகை காட்டினான். சித்தார்த் பார்த்தான். அணைக்கவில்லை. கிறிஸ்டோபர் மறுபடியும் கையை ஆட்டினான். இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் சித்தார்த் அணைத்தான்.

மேலே இருந்த போல்ட்டுகளை இறுக்கினான். ஒவ்வொன்றையும் இறுக்கிய பிறகு ஸ்பேனரை மாட்டி மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பானெட்டின் விளிம்பில் கையூன்றி நின்றான்.

"முடிஞ்சுதா?"

"பின்னாடி ஒண்ணு இருக்கு. மறுபடியும் தூக்கணும்."

"விளையாடறியா?" கிறிஸ்டோபரின் குரல் உயர்ந்தது. "கையால போட்டது போதும். தெருவுல கொண்டுபோய் விட்டுட்டு சாயந்திரம் வந்து இறுக்கிக்கோ. நாளைக்கு இறுக்கிக்கோ. கார் எங்க ஓடப்போவுது?"

சித்தார்த் ஜாக்கியை முன்பக்கம் கொண்டுபோய் வைத்து ஏற்ற ஆரம்பித்தான்.

"நீ வேணும்னே லேட் பண்றியாப்பா?"

ஜாக்கியின் கம்பி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"டேய், உன்னத்தான் கேக்கறேன். வேணும்னே பண்றியா?"

சித்தார்த் ஸ்டாண்டை வைத்து, அட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அடியில் போய்விட்டான்.

அங்கே இருட்டாகவும் சூடாகவும் இருந்தது. ஓடிய இன்ஜினின் வெப்பம் முகத்தில் அடித்தது. சூடான உலோகம் எங்கோ டிக் டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை மாட்டி இழுத்தான். போல்ட்டு கால் சுற்று வந்தது. இன்னொரு கால் சுற்று. தெருவில் வேன் வந்து நிற்பதும், அதன் பின்கதவு திறப்பதும், அதையொட்டிப் பெண்களின் அழுகை ஒரேயடியாக எழும்புவதும் கேட்டன. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். கால்கள், கால்கள், கால்கள். பிறகு சந்து காலியாகிவிட்டது.

இரண்டு கால்கள் மட்டும் உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றன. வீங்கிய பாதங்கள். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"வந்துட்டாப்பா" என்றாள் ஜோசபின்.

"ஒரே ஒரு போல்ட்டு அத்தை."

"வந்து வேன்ல இருக்கா. வெயில்ல நிக்குது வண்டி."

"இதோ."

"எந்திரிச்சு வா. அவ கார்ல போகப்போறதில்ல."

சித்தார்த் ஸ்பேனரை இழுத்தான். வரவில்லை. கால்களைச் சுவரில் உதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். போல்ட்டு எப்போதோ இறுகிவிட்டிருந்தது. அதற்குமேல் அது சுற்ற எதுவும் இல்லை. ஆனாலும் ஸ்பேனரை எடுத்து, மறுபடியும் மாட்டி, மறுபடியும் இழுத்தான். கை வழுக்கி விரல் முட்டி எங்கோ போய் மோதியது. ஸ்பேனரை எடுத்தான். மாட்டினான்.

யாரோ அவனுடைய இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்தார்கள்.

கிறிஸ்டோபர் அவனை அட்டையோடு சேர்த்து வெளியே இழுத்தான். வெளிச்சம் முகத்தில் கொட்டியது. சித்தார்த்தின் கையில் ஸ்பேனர் இருந்தது. ஜோசபின் குனிந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, அதை வாங்கித் தரையில் வைத்தாள். அவள் வெள்ளைச் சேலையின் முந்தானையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"நீயே எடு காரை" என்றான் கிறிஸ்டோபர். குரல் தணிந்திருந்தது. "எனக்கு ஓட்டத் தெரியாது. இந்தச் சந்துல வேற எவனாலயும் எடுக்க முடியாது."

அது உண்மை. கண்ணாடிகளை மடக்கிவிட்டு, இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலம் வைத்து, தெரு வரை பின்னால் வரவேண்டும். கிரேஸ் ஒரே மூச்சில் எடுப்பாள். சித்தார்த் எடுத்தால் அவள் முன்னால் நின்று இரண்டு கைகளாலும் வழிகாட்டுவாள், காட்டிக்கொண்டே திட்டுவாள்.

காரை இறக்கி, ஜாக்கி, ஸ்டாண்டு எல்லாவற்றையும் கிறிஸ்டோபர் வாரி எடுத்து மாடிப்படியின் கீழ் போட்டான். பானெட்டை அறைந்து மூடினான். நாராயணசாமி இறங்கி ஓடிவந்து டிக்கிக்குப் பின்னால் நின்று, சாவு வீட்டுக்கு ஏற்றபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பர்லி, பர்லி. ரைட் ஒடி. சாக்கு, சாக்கு. ஸ்ட்ரைட் பர்லி" என்று கன்னடத்தில் வரச்சொல்லியும் போதும் என்று நிறுத்தியும் கையசைத்தார். சித்தார்த் திரும்பித் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி வந்தான். சுவர் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு முன்னே போயிற்று. எதிலும் உரசவில்லை.

தெருவில் வேன் நின்றிருந்தது. பின்கதவு திறந்து, ஆண்கள் பெட்டியைப் பாதி வெளியே இழுத்துத் தோள் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். காரைத் தெருவில் திருப்பும்போது அவன் ஜன்னலும் பெட்டியும் நேருக்கு நேர் வந்தன. கை நீட்டினால் தொட்டுவிடலாம். சித்தார்த் எதிர்ப்பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் நின்ற ஸ்கூட்டரில் இடித்துவிடாமல் கவனமாக ஓட்டினான்.

"ஓரமா போட்டுட்டு ஓடிவாப்பா" என்று ராமலிங்கம் ஜன்னலில் குனிந்து சொன்னார். "ஃபாதர் போன் பண்ணிட்டார். அரை மணி நேரம்தான் வெச்சிருக்க முடியும்."

தெருவில் ஓரம் என்று ஒன்று இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களின் பைக்குகள், நாற்காலிகள், பூக்கடை ஆட்டோ. அடுத்த தெருவில் நொவேனாவுக்கு வந்தவர்களின் கார்கள் இரண்டு பக்கமும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. மெயின் ரோட்டுக்கு வந்தான். மெழுகுவர்த்திக் கடைகள், பூமாலைக் கடைகள், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோயிலை நோக்கி நடக்கும் கூட்டம். ஒரு பெண் ஜன்னலுக்குள் மெழுகுவர்த்திக் கட்டு ஒன்றை நீட்டி, அவன் முகத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டாள். டிராபிக் போலீஸ்காரர் விசில் ஊதி, நிற்காதே, போ போ என்று கையை வீசினார். போனான். சுற்றி வந்தான். மறுபடியும் அதே கடைகள், அதே விசில்.

பையில் போன் அடித்தது. ஜோசபின்.

"உள்ள வெச்சாச்சுப்பா. ஹால்லதான். எங்க இருக்க?"

"இடம் தேடறேன் அத்தை."

"எல்லாரும் பாத்தாச்சு. பெட்டிய மூடாம உனக்காகத்தான் வெச்சிருக்கோம். சீக்கிரம் வா."

"வரேன்."

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் ஒரு பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ நாற்காலி கேட்டார்கள். யாரோ மின்விசிறியைப் போடச் சொன்னார்கள். அவன் வீட்டு மின்விசிறி. பிறகு அதுவாகத் துண்டித்துக்கொண்டது.

மெடிக்கல் ஷாப்புக்கு முன்னால் ஒரு டாக்ஸி கிளம்பி வெளியே வந்தது. அது விட்டுப்போன இடத்தில் இரண்டு கார் தாராளமாக நிற்கலாம். அங்கிருந்து வீடு நடக்கிற தூரம்தான். சித்தார்த் இண்டிகேட்டரைப் போட்டு நிறுத்தினான். பின்னால் வந்த ஆட்டோக்காரர், அவன் ஒதுங்கட்டும் என்று வழிவிட்டு, தன் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஹாக்கி சார், ஜாகா இதே" என்றார் தலையை வெளியே நீட்டி, இடம் இருக்கிறது, போடுங்கள் என்று கைகாட்டி. "நிதானமா ஹாக்கி."

சித்தார்த் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தலையசைத்தான். கியரைப் போட்டான். கார் அந்த இடத்தைத் தாண்டி, மெதுவாக, நேரே போயிற்று.

"சார்! ஏய், சார்!"

மெழுகுவர்த்திக் கடைகள் மறுபடியும் வந்தன. இடப்பக்கத்து இண்டிகேட்டர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் அவன் இதோ ஒதுங்கிவிடுவான் என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பொறுமையாக, அவனுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன.